வள்ளி திருமணம் தந்த வாத்தியாரை மறக்கலாமா?

பழனிக்குப் பக்கத்து ஊர் ஆயக்குடி. கொய்யாப்பழத்துக்குப் பெயர் போன ஊர். தைப்பூசம் வந்தால், திண்டுக்கல் சாலையில் நடந்து வரும் காவடிக் கூட்டம் இந்தப் பக்கமாகத்தான் பழனிக்குப் போகும்.

இந்த வட்டாரத்தில் வள்ளி கதை தெரியாத வீடு கிடையாது. தினைப்புனம் காத்த வள்ளி, வேடனாகவும் கிழவனாகவும் வந்த முருகன், தூது போன நாரதர் என்று சின்னப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஆனால், இந்தக் கதையை விடிய விடிய நடக்கும் பாட்டு நாடகமாக எழுதிக் கொடுத்தவர் யார்? இந்தக் கேள்விக்குப் பலருக்குப் பதில் தெரியாது.

அவர்தான் சங்கரதாஸ் சுவாமிகள்.

வேஷம் போட்ட புலவர்

தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ம் ஆண்டு அவர் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். 24-வது வயதில் நாடகத்தில் சேர்ந்தார். எமன், சனீசுவரன், இரணியன் போன்ற வேஷங்களைக் கட்டினார். பிறகு வேஷத்தை விட்டு, நாடக வாத்தியார் ஆனார்.

அந்தக் காலத்து மேடையில் நடிகரின் வாய்க்கு வந்ததுதான் வசனம். சுவாமிகள் அதற்கு வரம்பு கட்டினார். யார் எப்போது வரவேண்டும், எந்தப் பாட்டைப் பாடவேண்டும், என்ன பேசவேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி எல்லாம் அவர் தந்தவை. 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சொல்வார்கள்.

1918-ல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு ஒரு நாடக சபை தொடங்கினார். 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' என்பது அதன் பெயர். டி.கே. சண்முகம் சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள்தான். கடைசிக் காலத்தில் பாரிச வாயு வந்து, சுவாமிகளின் பேச்சும் போய்விட்டது. 1922 நவம்பர் 13-ந் தேதி, அப்போது பிரஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் காலமானார்.

தட்டில் அடங்காத இரவு

பிறகு கிராமபோன் காலம் வந்தது. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் ஆகியோரின் மேடைப் பாட்டுகள் இசைத்தட்டுகளாக வீடு தேடி வந்தன. கிட்டப்பா 1933-ல் இளம் வயதிலேயே இறந்து போனார். அவருடைய குரலை இன்றும் கேட்க முடிகிறது என்றால், அதற்கு இசைத்தட்டே காரணம்.

நாடகக் கதைகளும் 'செட்'டாக வெளிவந்தன. ஆனால் அந்தக் காலத் தட்டின் ஒரு பக்கத்தில் பிடிப்பது ஏறக்குறைய 3 நிமிஷம். 5 தட்டுகள் கொண்ட செட் என்றாலும் அரை மணி நேரம்தான். மேடையிலோ நாடகம் இரவு 10 மணிக்குத் தொடங்கி விடியும் வரை நடக்கும்.

அதனால் என்ன ஆயிற்று? பாட்டுகள் பிழைத்தன. நாடகம் தட்டுக்கு வெளியே நின்றது. வள்ளியும் முருகனும் சொல்லுக்குச் சொல் மோதிக் கொள்ளும் தர்க்கம்தான் இந்த நாடகத்தின் உயிர். அது தட்டில் அடங்கவில்லை. பாட்டைக் கேட்டவர்கள் பாடியவரை நினைவில் வைத்தார்கள். எழுதியவரை மறந்தார்கள்.

பாரிசில் நடந்தது

மேல்நாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. பாரிஸ் நகரத்தில் 19-ம் நூற்றாண்டில் கொடிகட்டிப் பறந்தவர் மேயர்பேர். ஓபெரா என்னும் பாட்டு நாடகங்களுக்கு இசை அமைத்தவர். 1836-ல் அரங்கேறிய அவருடைய 'யுகெனோ' 1906-க்குள் பாரிஸ் ஓபெரா சபையில் 1,000 தடவை நடந்து விட்டது. ஆனால் அதை நடத்தப் பெரிய பாடகர்கள் பலர் வேண்டும். செலவும் அதிகம். ரசனையும் மாறியது. 1936-க்குப் பிறகு அந்தச் சபை அதை மேடை ஏற்றவில்லை. தனிப் பாட்டுகள் மட்டும் இசைத்தட்டில் ஒலித்தன.

2018-ல் அதே சபை அந்த நாடகத்தை மறுபடியும் நடத்தியது. 82 வருஷம் கழித்து! நாடகத்தின் ஏடு பத்திரமாக இருந்ததால்தான் இது முடிந்தது.

ஒத்திகை இல்லாத நாடகம்

சுவாமிகளின் நாடகம் இன்னும் சாகவில்லை. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் கோவில் திருவிழாக்களில் 'ஸ்பெஷல் நாடகம்' என்ற பெயரில் நடந்து வருகிறது.

ராஜபார்ட் ஒரு ஊரில் இருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறு ஊரில் இருந்து வருவார். ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது. நாடகம் நடக்கும் அன்றுதான் ஒன்று சேருவார்கள். ஆனாலும் தடங்கல் இல்லாமல் நாடகம் நடக்கிறது. எப்படி? எல்லோருக்கும் பாடம் ஒன்று. அது சுவாமிகளின் பாடம்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. கூட்டம் சினிமாப் பாட்டைக் கேட்கிறது. பபூன் வேடிக்கை நீள்கிறது. தர்க்கம் குறுகுகிறது. பாடம் தேய்ந்து போனால், முன்பின் பழகாத நடிகர்கள் எதை வைத்துக் கொண்டு சேர்ந்து நடிப்பார்கள்? 2020-ல் கொரோனாவால் திருவிழாக்கள் நின்றன. ஒரு பருவத்து வருமானத்தை இழந்து நடிகர்கள் தவித்தார்கள். இப்படி வருமானம் நிலையில்லாத தொழிலில் பாடத்தையும் இழந்தால் என்ன மிஞ்சும்?

என்ன செய்யலாம்?

இன்று செல்போனில் இரவு முழுவதையும் படம் பிடிக்கலாம். பிடிக்கவும் செய்கிறார்கள். ஸ்பெஷல் நாடகங்கள் யூடியூபில் ஏராளம். கிராமபோனுக்கு இருந்த 3 நிமிஷத் தடை இப்போது இல்லை. ஆனால் மேடையில் இல்லாததைக் கேமரா பிடிக்க முடியாது.

ஆகவே, முழுப் பாடமும் மனப்பாடமாக இருக்கும் மூத்த கலைஞர்களை அழைத்து, ஒவ்வொரு நாடகத்தையும் ஒரு முறையாவது வெட்டாமல் நடத்திப் பதிவு செய்யவேண்டும். பாடத்தைச் சரிபார்த்து, குறைந்த விலையில் அச்சிட வேண்டும். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்குச் சுவாமிகளின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பெயரோடு பாடமும் நிலைக்க வேண்டாமா?

ஊர்க்காரர்களுக்கும் வேலை உண்டு. நாடகம் பேசும்போதே, "பபூன் இருக்கட்டும், தர்க்கத்தைக் குறைக்கக் கூடாது" என்று விழாக் கமிட்டி சொல்லிவிடலாம். நோட்டீசில் நடிகர்களின் பெயருக்கு மேலே சுவாமிகளின் பெயரையும் போடலாம். இதற்குக் காசு செலவில்லை.