மூன்று நிமிட ரகசியம்

ஈப்போவில் ஒரு தனியார் கிளினிக். பெயர் வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன் சித்தப்பா மகனை அங்கே கூட்டிப்போனேன். சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது தோட்டமும் இல்லை, லயமும் இல்லை, ஃபேக்டரி வேலை. சிறுநீர் போகும்போது எரிச்சல், சீழ். “அரசாங்க கிளினிக்குல நம்ம ஆளுங்க யாராச்சும் உக்காந்திருப்பாங்கண்ணே” என்றான்.

உள்ளே போனவன் மூன்று நிமிடத்தில் வெளியே வந்தான். ஓர் ஊசி, ஒரு பை மாத்திரை, 180 வெள்ளி. பரிசோதனைக்கு எதுவும் எடுக்கவில்லை. “பொண்டாட்டிய வரச் சொன்னாங்களாடா?” “அதெல்லாம் கேக்கலண்ணே.”

அடுத்த மாதம் அதே எரிச்சல். அதே கிளினிக். அதே பை.

கொனோரியா பெண்ணுக்குப் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. மருந்து போகாவிட்டால் கருக்குழாய்வரை ஏறி, தழும்பாகி, அடைத்துவிடலாம். அப்புறம் பிள்ளை தங்காது. அன்று சொந்தபந்தம் ‘மலடி’ என்ற சொல்லை யார் மேல் எறியும்? மாத்திரைப் பையோடு வந்தவன் மேலா?

“எல்லா டாக்டரும் அப்படியா?” என்பீர்கள். இல்லை. பொறுமையாக உட்கார்ந்து பேசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். என் கேள்வி வியாபாரத்தைப் பற்றியது. 2006 விதிமுறை, சாதாரண கிளினிக் டாக்டரின் ஆலோசனைக் கட்டணத்தை 10 முதல் 35 வெள்ளி என்று வைத்தது. மருந்தையும் அதே கிளினிக்தான் விற்கிறது. அப்படியானால் லாபம் பேச்சில் இருக்காது. ஊசியிலும் ‘ஃபுல் பேக்கேஜ்’ ரத்தப் பரிசோதனையிலும்தான் இருக்கும். துணைக்கும் சிகிச்சை கொடு, மறுபடி வரவழைத்துப் பார், எந்தப் பரிசோதனை எத்தனை நாள் கழித்துச் செல்லும் என்று சொல். தரமான சிகிச்சை இவைதான். இவற்றில் பெரிய லாபம் இல்லை. நாம் அங்கே காசு கொடுத்து வாங்குவது ரகசியம் மட்டுமே.

இதன் இன்னொரு முகம் ஃபோமெமா. அந்நியத் தொழிலாளர்களின் உடல் பரிசோதனையை அரசாங்கம் 1997இல் ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுத்தது. எச்.ஐ.வி., சிபிலிஸ், பெண்களுக்குக் கர்ப்பம், எல்லாம் பார்ப்பார்கள். தேறாதவர் ஊருக்குத் திரும்ப வேண்டும். ஊசி குத்துவது தொழிலாளியின் கையில்; முடிவு தேவைப்படுவது முதலாளிக்கும் குடிநுழைவுத் துறைக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் நம் தாத்தாவின் உடம்பை இதே கண்ணால்தான் பார்த்தார்கள்: நாளைக்கு மரம் சீவ ஆள் தேறுவானா? இன்று அந்தத் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசியைப் பார்த்து நாம் மூக்கைச் சுளிக்கிறோம். அவன் நிற்கும் வரிசை நம் தாத்தா நின்ற வரிசை.

அரசாங்க கிளினிக்கில் குடிமகனுக்கு 1 வெள்ளி. பெயர் சொல்லாமலே எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளலாம். ஆனால் கூட்டம், காத்திருப்பு, நடைபாதையில் உரக்கக் கூப்பிடும் பெயர். அங்கே ஒரு மூடிய கதவும், தமிழில் பேச ஓர் ஆளும் கேட்டு நாம் என்றைக்காவது மனு கொடுத்தோமா? கோயிலுக்கும் பள்ளிக்கும் கொடுத்தோம். இதற்கு வெட்கம். அந்த வெட்கத்தை வைத்துத்தான் கடை நடக்கிறது.

கடைசியில் இருவரையும் அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். நாலு மணி நேரம். தெரிந்த முகம் இரண்டு இருந்தது. நர்ஸ் அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். வெளியே வந்து அவள் கேட்டது ஒன்றுதான்: “முத தடவையே ஏண்ணே என்னைய கூப்பிடல?”

அந்தக் கேள்வி கிளினிக்குக்கு மட்டுமல்ல. முதல் தடவை வாசலில் உட்கார்ந்திருந்தவன் நான்.