கொட்டாங்கச்சியில் காப்பி

காப்பியைப் பற்றி எழுதப் புகும் நம் எழுத்தாளர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விடியற்காலை, பித்தளை டவரா, நுரை, பாட்டியின் கை என்று தொடங்கிவிடுவார்கள். மணம் எழும்பியதும் வரலாறு ஆவியாகிவிடும். செங்கல்பட்டைத் தாண்டித் தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் வரிசையாக நிற்கும் 'கும்பகோணம் டிகிரி காப்பி'ப் பலகைகள் விற்பதும் இந்த மணத்தைத்தான். கும்பகோணம் அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது என்பது ஒரு புறமிருக்கட்டும். காப்பி நன்றாகவே இருக்கிறது. என் வழக்கு அந்தப் பித்தளையின் மீது பூசப்படும் ஏக்கத்தோடுதான்.

இந்தக் கரைக்கும் காப்பிக்குமான உறவு டவராவைவிட விசித்திரமானது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் சிதைந்த கோட்டை இருக்கிறது. சோழமண்டலக் கரையின் துணி கிழக்கே போயிற்று. அதைக் கொடுத்து அங்கே வாசனைப் பொருள்களை வாங்கினார்கள். மணிமேகலை பேசும் சாவகத்துக்கு அதே டச்சுக் கம்பெனி 1696இல் மலபார்க் கரையிலிருந்து காப்பி நாற்றுகளைக் கொண்டுசென்றது. அவை வெள்ளத்தில் அழிந்துபோக, 1699இல் மறுபடியும் கொண்டுபோய் நட்டார்கள். இன்று 'ஜாவா' என்று உலகம் சிலாகிக்கும் காப்பியின் விதை நம் மேற்குக் கரையுடையது.

அங்கே அது குடியானவனின் பானமாக உடனே ஆகிவிடவில்லை. 1830இல் தொடங்கிய கட்டாயச் சாகுபடி முறையில் உழவர்கள் காப்பி வளர்த்தார்கள், கொட்டை ஐரோப்பாவுக்குப் போயிற்று. அந்தக் கொடுமையை 1860இல் முல்தாத்துலி தமது 'மாக்ஸ் ஹவெலார்' நாவலில் எழுதி டச்சுக்காரர்களின் மனசாட்சியை உலுக்கினார். மேற்குச் சுமத்திராவின் மினாங்கபாவ் மக்களிடம் காப்பி இலையைத் தீயில் வாட்டி, கொதிக்கவைத்துக் குடிக்கும் வழக்கம் இருக்கிறது. 'காவா தாவுன்' என்று பெயர். கொட்டை துரைக்கு, இலை நமக்கு என்று அதற்கு ஒரு விளக்கமும் சொல்கிறார்கள். அதைக் குடிப்பது பாதித் தேங்காய் ஓட்டில். மூங்கில் தாங்கியில் வைத்துத் தருவார்கள். இன்று அது அவர்களுடைய பெருமிதம், பயணிகள் தேடிப்போய் அருந்துகிறார்கள்.

கொட்டாங்கச்சி என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டின் கிராமங்களில் எத்தனை முதியவர்களுக்குப் பெருமிதம் வரும்? தலித்துகளுக்குக் கடைக்கு வெளியே அதில்தான் ஊற்றினார்கள். பிறகு அது தனிக் குவளையாயிற்று, அலுமினியமாயிற்று. குடித்தவரே கழுவிக் கவிழ்த்துவைக்க வேண்டும். அண்மைக் காலத்தில் சில ஊர்களில் தூக்கியெறியும் கோப்பை அந்த இடத்தைப் பிடித்ததைக் களப்பணியாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். பொருள் ஒன்றே. ஒரு நாட்டில் அடக்குமுறையை நினைவூட்டி நிமிர வைக்கும் ஓடு, இன்னொரு நாட்டில் குனியவைத்த ஓடாக இருக்கிறது. தேங்காய் மீது என்ன குற்றம்!

டவரா டம்ளரும் குற்றமற்றதல்ல. விளிம்பு மடிந்த டம்ளர் உதடு படாமல் தூக்கிக் குடிக்கத் தோதானது. எச்சில் குறித்த அச்சத்துக்கு ஏற்ற பாத்திரம். ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் (2000) காப்பி எவ்வளவு அண்மைக்கால வரவு, அது எப்படி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாயிற்று என்பதைச் சான்றுகளோடு காட்டிவிட்டார். அதற்குப் பின்னும் 'ஆதிகாலப் பாரம்பரியக் காப்பி' என்று எழுதுகிறவர்களை என்ன சொல்ல? (குளம்பி என்று எழுதினால் மட்டும் பாரம்பரியம் வந்துவிடாது.) நம்மவர்கள் பரவலாகக் குடிக்கத் தொடங்குவதற்கு வெகுமுன்பே, இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் தமிழ்க் கூலிகள் அதை வளர்த்து மாண்டிருக்கிறார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்த பிறகுதான் அங்கே தேயிலை அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.

செங்கல்பட்டு இந்த வரலாற்றில் ஓரமாக நின்ற ஊரும் அல்ல. 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு அங்கேதான் கூடியது. மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்று 1924இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணருக்குத் தனியிடம் என்ற ஏற்பாடு 1941இல்தான் ஒழிந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன் நடந்த மறியல், பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லுக்காக. கடைகளிலும் உணவு விடுதிகளிலும் பாகுபாடு கூடாது என்று அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு சொல்லி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன அப்போது.

இந்தோனேசியாவைப் புனிதப்படுத்தவும் எனக்கு விருப்பமில்லை. அவர்களுடைய 'வாருங் கோப்பி', நம் டீக்கடை பெஞ்சைப் போன்றது. கண்ணாடிக் குவளையில் தூளும் சர்க்கரையும் போட்டுக் கொதிநீரை ஊற்றினால் 'கோப்பி துப்ருக்'. கசடு அடியில் தங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும், பேச்சு அந்த இடைவெளியில் பிறக்கிறது. ஆனால் ஆச்சேயின் காப்பிக்கடைகள் நெடுங்காலம் ஆண்களின் உலகம். நம் பெஞ்சும் அப்படித்தான். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையிலான மீனவக் குப்பங்களில் விடிவதற்குள் கூடையோடு கிளம்பும் பெண்கள் டீயை நின்றபடியே குடித்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெஞ்சில் அவர்களுக்கு இடமில்லை என்று யாரும் சொன்னதில்லை, சொல்லத் தேவையும் இருந்ததில்லை.

தேங்காய் ஓட்டைக் கடைந்து மெருகேற்றிய கிண்ணங்கள் இப்போது இயற்கைக்கு உகந்தவை என்று நல்ல விலைக்கு வருகின்றன. மாமல்லபுரத்துக்கு அலைச்சறுக்க வருகிறவர்கள் அதில் காப்பி குடிக்கலாம், தவறொன்றுமில்லை. ஆனால் காப்பியின் நினைவுகளை எழுதும் நண்பர்கள் இனியாவது எந்தப் பாத்திரத்தில், யார் ஊற்ற, எங்கே நின்று குடித்தார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். மதுராந்தகம், செய்யூர்ப் பக்கத்துச் சேரிகளில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய முதல் காப்பியைப் பற்றி யாராவது கேட்டு எழுதினால் வாசிக்கக் காத்திருக்கிறேன்.