கட்டம் இல்லாத அப்பத்தா

கீழடியின் வயதை வைத்து இந்த வாரமும் தொலைக்காட்சியில் மல்லுக்கட்டு. கி.மு. ஆறாம் நூற்றாண்டா, மூன்றாம் நூற்றாண்டா என்று கத்தியவர்களில் ஒருவர்கூட அங்கே கிடைத்த பெயர்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. 2019இல் வெளிவந்த நான்காம் கட்ட அகழாய்வு அறிக்கை, தமிழி எழுத்துள்ள 56 பானை ஓடுகளைச் சொல்கிறது. ஆதன், குவிரன் ஆதன் என்று பானையின் தோள்பகுதியில் கீறியிருக்கிறார்கள். இவர்கள் யார் பெற்ற பிள்ளைகள், இவர்களுடைய பேரன் பேத்திகள் எந்தப் பக்கம் போனார்கள்? என் மனம் அங்கேதான் ஓடுகிறது.

மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று என்று முன்னோரைத் தேடி அலைபவன் நான். போன ஞாயிறு பெரியப்பா மகன் வீட்டுக் கூடத்தில் புதிதாகச் சட்டம் போட்ட குடிவழிப் படம் தொங்கியது. ஏழு தலைமுறை; அத்தனையும் ஆண்கள்.

“அப்பத்தா பேரைக் காணோமே, அண்ணே?”

“பொம்பளைங்க பேரு எதுக்குப்பா? வந்தவங்களும் போனவங்களும்தானே!”

எனக்கு இன்னும் ஆறவில்லை. அண்ணனுக்கு லெஸ்டர் நகரத்துக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1485இல் போரில் மடிந்த இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு, 2012இல் அங்கே ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்தது. தோண்டியே ஆகவேண்டும் என்று விடாப்பிடியாக நின்ற பிலிப்பா லாங்லி தொல்லியல் அறிஞர் அல்ல, திரைக்கதை எழுதுபவர். அது ராஜாதான் என்று எப்படி உறுதி செய்வது? அவருடைய அக்கா ஆன் வழியாகத்தான் விடை வந்தது. மைட்டோகாண்ட்ரியா மரபணு தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு இறங்கும். மகனுக்கும் வரும், ஆனால் அவனோடு நின்றுவிடும். மகள்தான் அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பாள். ஆன், அவள் மகள், அந்த மகளின் மகள் என்று ஏடுகளில் பெயர் பிடித்து இறங்கியவர்கள், லண்டனில் மரச்சாமான் செய்யும் ஒருவரிடம் வந்து சேர்ந்தார்கள். அவருடைய மரபணு எலும்போடு பொருந்தியது. ஆண்வழி உறவு என்று ஏடு சொன்னவர்களுடையது பொருந்தவில்லை. 2015இல் ராஜாவை மறுபடி அடக்கம் செய்தபோது சவப்பெட்டி செய்தவரும் அதே மரவேலைக்காரர்தான்.

நம் வீடுகளிலும் தடயம் இருக்கிறது. எங்கள் பழைய கிரயப் பத்திரம் ஒன்றின் கடைசிப் பக்கத்தில், நீல மசியில் ஒரு பெருவிரல் ரேகை. குறுக்கே மசி ஒட்டாத வெள்ளைக் கீற்று. ஆழமாக வெட்டுப்பட்டு ஆறிய விரல். பக்கத்தில் பத்திரம் எழுதியவர் கையெழுத்தில் என் பூட்டியின் பெயர். அவள் கைநாட்டு வைக்காமல் அந்த நிலம் கைமாறியிருக்காது.

அம்மாவிடம் கேளுங்கள். அவரைப் பெற்றவளின் பெயர், பிறந்த ஊர், அவளைப் பெற்றவள் யார்? மூன்று தலைமுறை கிடைத்தாலே பெரிது. சொல்ல ஆள் இருக்கும்போதே பெயரும் ஊருமாக எழுதி, குடிவழிப் படத்தில் அவர்களுக்கும் கட்டம் போடுங்கள்.