திருகில் எண் அழிந்தால் விருந்து நிற்காது

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் எனும் நன்றி நவிலும் நாள். வாடகை வீட்டின் சமையலறையில் ஒரு பழைய கேஸ் ஓவன். துடைத்துத் துடைத்தே அதன் திருகில் இருந்த எண்கள் அழிந்துபோயின. மேடையில் 12 பவுண்டு வான்கோழி காத்திருக்கிறது. செய்முறைக் குறிப்போ 325 டிகிரி ஃபாரன்ஹீட் என்கிறது. திருகை எங்கே நிறுத்துவது?

இந்தக் கேள்விக்காக விருந்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. எண் இருக்கிற ஓவனும் அப்படியொன்றும் சத்தியவான் இல்லை. உள்ளே சூடு ஏறினால் நெருப்பு தணியும், இறங்கினால் மறுபடி எரியும். திருகில் தெரிவது இந்த ஏற்ற இறக்கத்தின் உத்தேசக் கணக்குதான். பழைய ஓவனில் அந்தக் கணக்கும் பிசகும்.

ஆபிரகாம் லிங்கன் 1863-ல் நாடு முழுவதும் தேங்க்ஸ்கிவிங்கைக் கொண்டாடும்படி அறிவித்தபோது, விறகிலும் நிலக்கரியிலும் எரிந்த அடுப்புகளில் டிகிரி ஏது? உள்ளே கையை நீட்டி எத்தனை எண்ணும்வரை சூடு தாங்குகிறது என்று பார்த்தார்கள். மாவைத் தூவி, அது சிவக்கும் வேகத்தைக் கவனித்தார்கள். பிரெஞ்சு சமையல் வல்லுநர் ஜூல் கூஃபே 1867-ல் வெளியிட்ட நூலில், உள்ளே வைத்த காகிதம் எந்த நிறத்துக்கு மாறுகிறது என்பதை வைத்தே சூட்டைத் தரம் பிரித்தார். மாவைக் கிள்ளிப்போட்டு எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்கிறவர்களுக்கு இதில் வியப்பில்லை. பிரிட்டனில் கேஸ் அடுப்புக்கு 'ரெகுலோ' என்ற சூடு காக்கும் கருவி வந்தது 1923-ல். அதிலும் டிகிரி கிடையாது. வெறும் வரிசை எண்கள்தான்.

இன்று அவ்வளவு சிரமப்பட வேண்டாம். ஓவனுக்குள் தொங்கவிடும் வெப்பமானி சில டாலருக்குக் கிடைக்கிறது. அதை நடுத்தட்டில் மாட்டி, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் பொறுத்துப் பார்த்தால் 325 எங்கே என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் ஆகும். கடை மூடிவிட்டதா? அலுமினியத் தாளில் ஒரு ஸ்பூன் சர்க்கரையை வைத்துக் கால் மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். சர்க்கரை உருகுவது ஏறக்குறைய 366 டிகிரியில். உருகி ஓடினால் சூடு அதிகம். திருகைச் சற்றே குறைக்க வேண்டும்.

குறைப்பதிலும் நிதானம் வேண்டும். சூடு கூடிப்போனால் தோல் கருகும், மேலே தாளைப் போர்த்திச் சமாளிக்கலாம். குறைந்துபோனால் இறைச்சி 40 முதல் 140 டிகிரிக்குள் நெடுநேரம் கிடந்து கிருமி பெருகும். அதனால்தான் 325-க்குக் கீழே வேண்டாம் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. சந்தேகம் வந்தால் சூட்டின் பக்கமே சாய்வது மேல்.

ஆனால் உண்மையில் பார்க்க வேண்டிய எண் ஓவனில் இல்லை, பறவைக்குள் இருக்கிறது. குத்திப் பார்க்கும் வெப்பமானியை நெஞ்சின் தடித்த பகுதியிலும், தொடை, இறக்கை ஆகியவற்றின் உட்புறத்திலும் எலும்பில் படாமல் செருக வேண்டும். மூன்று இடத்திலும் 165 டிகிரி, அதாவது 74 செல்சியஸ், காட்டினால் வெந்தது. நிறத்தை நம்பக் கூடாது. நன்றாக வெந்த இறைச்சியும் இளஞ்சிவப்பாகத் தெரியலாம். 12 பவுண்டுக்குச் சுமார் 3 மணி நேரம் என்பார்கள். ஓவன் பழசென்றால் இரண்டரை மணி நேரத்திலிருந்தே குத்திப் பார்ப்பது நல்லது.

இத்தனைக்கும் பலர் சறுக்குவது ஓவனிலேயே இல்லை. வான்கோழி விற்கும் பட்டர்பால் நிறுவனம் 1981-ல் தொடங்கிய தொலைபேசி ஆலோசனைக்கு அதிகம் வரும் கேள்வி, உறைந்த வான்கோழியை இளக வைப்பது எப்படி என்பதுதான். ஃபிரிட்ஜில் 4, 5 பவுண்டுக்கு ஒரு நாள் ஆகும். 12 பவுண்டு என்றால் திங்கட்கிழமை காலையிலேயே ஃப்ரீசரிலிருந்து கீழே இறக்கியாக வேண்டும்.

செய்முறை எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் வரியில் 165 என்று எழுதுங்கள். ஓவனின் எண் அதற்குக் கீழே வரட்டும்.