பழங்காசும் பழப்புளியும்

பழைய செப்புக் காசு ஒன்று கையிற் கிடைத்தால், அதனைப் பழப்புளியிட்டுத் துலக்கிப் பளபளக்கச் செய்வதே பேணுதல் என்று நம்மவருட் பலர் எண்ணுகின்றனர். பாடசாலைக் கண்காட்சிகளிலும் அங்ஙனம் துலக்கிய காசுக்கே மதிப்பு மிகுதி. இஃது ஆராயத்தக்கது.

துலக்கியபின் தோன்றும் செந்நிறம் காசின் இயல்பான நிறமன்று. அக்கசாலையினின்று வெளிப்பட்ட புதுச் செம்பு, காற்றுப் பட்டு மெல்ல மெல்லக் கபிலநிறம் எய்துகின்றது. ஆண்டுகள் பல மண்ணுட் கிடப்பின், ஈரமும் காபனீரொட்சைட்டும் கூடிப் பச்சைப் படலம் படர்கின்றது. இறுகி ஒட்டிய படலம் உள்ளிருக்கும் உலோகத்துக்குக் கவசமாகும். புளியும் தேசிக்காயும் அக்கவசத்தைக் கரைத்துவிடுகின்றன. எஞ்சுவது தோலுரித்த செம்பே. அதுவும் விரைவிலே திட்டுத்திட்டாய்க் கறுத்துவிடும். ஆகவே பழைய நிறமும் போய், புதிய நிறமும் நில்லாதொழிகின்றது.

எழுத்துத் தெளிவாகத் தோன்றுமே எனின், கூறுதும். நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் செப்புக் காசுகளிலே நந்தியும் 'சேது' என்னும் தமிழ்ச்சொல்லும் பொறிக்கப்பட்டுள்ளன. 1619இல் வீழ்ந்த அவ்வரசு தானே விட்டுச்சென்ற எழுத்துச் சான்றுகள் மிகச் சில. இக்காசுகள் அவற்றுள் அடங்கும். அரிப்புண்ட காசில் எழுத்தின் விளிம்பு பல வேளைகளில் அப்படலத்திலேயே நிற்கின்றது. படலத்தைக் கரைப்பவர் அச்சொல்லையே கரைப்பவராவர்.

சைவசித்தாந்த நூல்கள் செம்பிற் களிம்பை ஆணவ மலத்துக்கு உவமையாக்கும். அவ்வுவமையை உயிருக்கு வைத்துக்கொள்க, காசுக்கு வேண்டா. எனினும் எல்லாக் களிம்பும் ஒரு தன்மையன அல்ல. விரல் பட்டால் உதிரும் வெளிறிய பச்சைத் தூள் நோயின் அறிகுறி. உப்பின் கூறாகிய குளோரைட்டு ஈரத்தோடு கூடிச் செம்பை அரித்துண்பதனால் அது தோன்றும். உப்புக்காற்று வீசும் நம் குடாநாட்டிலே இதற்கு அஞ்சுதல் வேண்டும். அத்தகைய காசைப் பிறவற்றினின்றும் பிரித்து, உலர்ந்த பெட்டியில் வைத்து, நூதனசாலைப் பணியிற் பயின்றவரிடம் காட்டுக.

மற்றைய காசுகளுக்கு வேண்டுவன எளியன. காசை விளிம்பிற் பிடிக்க. விரலின் வியர்வையிலும் உப்புண்டு. ஒட்டிய மண்ணைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் நீக்கி, நன்கு உலர்த்துக. அமிலமற்ற தாளுறையில் இட்டு, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைக்க. பீ.வீ.சீ. பிளாஸ்டிக் உறை ஆகாது. அது நாளடைவிற் கெட்டு, காசிலே பச்சைப் பிசினை உண்டாக்கும்.

மாணவருக்குத் துலக்கக் கற்பிப்பதினும் நோக்கக் கற்பித்தல் நன்று. உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்றும் சாய்ந்து விழும் வெளிச்சமும் இருப்பின், புளி அழித்துவிடக்கூடிய எழுத்தைக் காசு தானே காட்டும்.