'கடைசி 2' எது?



நாலு பேர் சேர்ந்து கணினியில் புராஜெக்ட் செய்தால் என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். ஒரே பென்டிரைவ். அதில் 'புராஜெக்ட்', 'புராஜெக்ட் புதுசு', 'கடைசி', 'கடைசி 2' என்று கோப்புகள். எது சரியானது என்று எழுதினவங்களுக்கே தெரியாது. ஒருத்தர் செய்ததன் மேலேயே இன்னொருத்தர் சேவ் பண்ணிட்டா போச்சு. நிரல் எழுதச் சொல்லித் தரும்போதே இதற்கான வழியையும் சொல்லித் தர வேண்டும் என்பது என் கருத்து.

அதற்குப் பெயர் வெர்ஷன் கன்ட்ரோல். இன்று அதிகம் பயன்படுவது 'கிட்' என்ற மென்பொருள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் இதை எழுதினார். லினக்ஸ் குழு அதுவரை இலவசமாகப் பயன்படுத்திய பிட்கீப்பர் கிடைக்காமல் போனதுதான் காரணம்.

கணக்கு நோட்டில் தப்பை அழிக்காதே, கோடு போட்டு அடிச்சிட்டுப் பக்கத்தில் எழுது என்பார்கள் அல்லவா? கிட்டும் அப்படித்தான். ஒவ்வொரு முறை 'கமிட்' கொடுக்கும்போதும் கோப்புகளின் அப்போதைய நிலையைப் பத்திரமா வைத்துக்கொள்ளும். யார், எப்போது, எதற்கு மாற்றினார் என்ற குறிப்பும் கூடவே இருக்கும். வேண்டுமானால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ரெண்டு பேர் ஒரே வரியை வேற வேற மாதிரி மாற்றியிருந்தால், சேர்க்கும்போது நின்று, எது வேணும்னு நம்மைக் கேட்கும்.

நெட் இல்லையே என்பீர்கள். கிட்டுக்கு நெட் தேவையில்லை, காசும் இல்லை. 2008-ல் வந்த கிட்ஹப் என்ற இணையதளத்துக்குத்தான் நெட் வேணும். ரெண்டும் ஒண்ணு இல்லை.

எனக்கு முக்கியமாப் படுவது வேறு. குழு வேலையில், மேடையில் விளக்கினவர் பெயர்தான் நிற்கும். உட்கார்ந்து திருத்தினவள் பெயர் காணாமல் போகும். கிட்டில் ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒரு பெயர் இருக்கும்.

அதுக்காக வரியை எண்ணி மார்க் போடக் கூடாது! 2019 ஏப்ரல் 10 அன்று, எம்87 விண்மீன் திரளின் நடுவில் இருக்கும் கருந்துளையின் முதல் படம் வெளியானது. 200 பேருக்கு மேல் சேர்ந்து செய்த ஆராய்ச்சி அது. அதில் கேட்டி பௌமன் என்ற இளம் விஞ்ஞானியை உலகமே பாராட்டியது. உடனே சிலர் கிட்ஹப்பில் வரிகளை எண்ணி, உடன் வேலை செய்த ஆண்ட்ரூ சேல்தான் எட்டரை லட்சம் வரி எழுதினார், இந்தப் பெண் என்ன செய்தாள் என்று கேலி செய்தார்கள். சேலே முன்வந்து மறுத்தார். அந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி நிரலே இல்லை, மாதிரித் தரவுக் கோப்புகள் என்றார். பௌமன் இல்லாமல் மென்பொருள் வேலை செய்திருக்காது என்றும் சொன்னார்.

அதனால் அடுத்த புராஜெக்டுக்கு ஆசிரியர்கள் வரிகளை எண்ணாமல் கமிட் குறிப்புகளைப் படித்துப் பாருங்கள். 'மாற்றினேன்' என்று மட்டும் எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 'சராசரி காணும்போது ஒரு மாணவர் விடுபட்டார், சேர்த்தேன்' என்று எழுதட்டும். தமிழிலேயே எழுதலாம், கிட் ஏற்றுக்கொள்ளும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி