கூட்டிச் செல்லுதல்: ஒரு முதிய நாயின் காலைநடை குறித்து

புரட்டாசிக் காலை. பெங்களூரில் இலையுதிர்காலம் என்று ஒன்று கிடையாது. மொழிபெயர்த்த பாடநூல்களில் மட்டுமே அது உண்டு. தமிழ்க் கணக்கில் கார் ஓய்ந்து கூதிர் தொடங்கவிருக்கும் நாட்கள் இவை. இரவு பெய்த மழையில் கப்பன் பூங்காவின் மண் ஊறிக் கிடக்கிறது. சம்பங்கிராமநகரிலிருந்து வரும் எழுபதைக் கடந்த ஒரு பெரியவர், கஸ்தூர்பா சாலையைக் கடந்து பூங்காவுக்குள் நுழைந்த சற்று நேரத்தில் நின்றுவிடுகிறார். நின்றது அவரல்லர், அவருடைய நாய். பதின்மூன்று வயது. பெயர் பப்பி. நான்கு கால்களையும் ஊன்றி, கழுத்தைத் தாழ்த்தி, ஈர மண்ணில் மூக்கை வைத்துவிட்டால் கயிற்றை எத்தனை முறை சுண்டினாலும் பயனில்லை. ஓடுபவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். “இது நின்னா நின்னதுதான். மெட்ராஸ்லயும் இப்படித்தான்” என்று யாரும் கேளாமலே விளக்கம் சொல்கிறார் பெரியவர்.

மெட்ராஸ் என்று அவர் சொல்வது பெசன்ட் நகர். பதினோராண்டுக் காலம் இருவரும் எலியட்ஸ் கடற்கரையில் நடந்தவர்கள். 1930இல் கடலில் மூழ்கி இறந்த டேனிஷ் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவாக எழுப்பப்பட்ட அந்த வெள்ளை வளைவு வரை போய்த் திரும்புவது வழக்கம். மனைவி மறைந்தபின் மகன் வீட்டுக்கு வந்தார், நாயும் வந்தது. கடல் வரவில்லை. இந்த ஊரில் கடலுக்குப் பதில் ஏரிகள் இருந்தன. அவர் இப்போது வசிக்கும் பகுதிக்குப் பெயர் தந்த சம்பங்கி ஏரியும் விளையாட்டரங்கமாகிப் பல்லாண்டுகள் ஆயிற்று. ஈர மண்ணைக் கண்டதும் நாய் நிற்பது கடற்கரையின் நினைவால்தான் என்பது பெரியவரின் துணிபு. நிரூபிக்க இயலாத கருதுகோள். எனினும் ஆய்வாளர்கள் பலரின் கருதுகோள்களைவிட நெடுங்கால நேரடிக் கவனிப்பில் விளைந்தது.

இவ்விருவரின் நடைக்கு இப்போது ஒரு முட்டுக்கட்டை வந்திருக்கிறது. அவர்கள் வசிக்கும் அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கம், நாய்களை வெளியே கூட்டிச் செல்லும் நேரம் காலை ஆறிலிருந்து ஏழு வரை மட்டுமே என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. சரக்கு லிஃப்டைத்தான் பயன்படுத்த வேண்டும். ஏழுக்குப் பின் திரும்பினால் அபராதம். இளநாய்க்கு ஒரு மணி நேரம் தாராளம். பப்பிக்கு அது போய்ச் சேரவே போதாது. மகனின் யோசனை எளியது: நடையை நிறுத்திவிட்டு மொட்டைமாடியில் கால்மணி நேரம் விட்டால் போதும். அறிவிப்பை ஒட்டியவர்களும் கொடியவர்கள் அல்லர். லிஃப்டில் நாயைக் கண்டு நடுங்கும் குழந்தைகள் உண்டு. கழிவை அள்ளாமல் போகும் வளர்ப்போரும் உண்டு. இதே குறைகளின் பேரில்தான் 2022இல், ஜூலை 1 முதல் கப்பன் பூங்காவில் வளர்ப்பு நாய்களுக்குத் தடை என்று தோட்டக்கலைத் துறை அறிவித்தது. எதிர்ப்பு வலுக்கவே தடை நடைமுறைக்கு வரவில்லை. கயிறு கட்டுவதும் கழிவை அள்ளுவதும் வளர்ப்பவரின் கடமை என்பதில் மறுபேச்சுக்கு இடமில்லை. கேள்வி வேறு. நடை எவருடையது? அதன் வேகத்தை முடிவு செய்ய வேண்டியவர் யார்?

இதில் தமிழ்மொழி ஒரு நிலைப்பாட்டை ஏற்கெனவே எடுத்துவிட்டது என்பதை நாம் கவனிப்பதில்லை. உடன் செல்லுதலுக்கு நம்மிடம் உள்ள வினைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது விளங்கும். மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறோம். ஆட்டையும் அப்படியே. பையை எடுத்துக்கொண்டு போகிறோம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறோம். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறோம். பாட்டியை அழைத்துக்கொண்டு போகிறோம். நாயை? எவரும் நாயை ‘ஓட்டிக்கொண்டு’ போவதில்லை. அவ்வாறு சொன்னால் காதில் இடறும். நாயைக் ‘கூட்டிக்கொண்டு’தான் போகிறோம். ஓட்டுதலில் ஓட்டுபவர் பின்னால், ஓட்டப்படுவது முன்னால். விருப்பம் ஒரு பக்கம் மட்டும். கூட்டுதல் என்பது சேர்தல். அங்கே இருவர் வேண்டும். இருவரும் வர வேண்டும். வசவுக்கெல்லாம் நாயை இழுக்கும் மொழி, பக்தன் தன்னைத் தாழ்த்திக்கொள்ள ‘நாயேன்’ என்று சொல்லும் மொழி, தெருவில் இறங்கியதும் அதைக் குழந்தையோடு ஒரே வினையில் வைத்துவிடுகிறது. எந்தச் சீர்திருத்தக்காரரும் செய்த வேலையல்ல இது. பேசுவோர் வாயில் தானாக நிகழ்ந்த வகைப்பாடு.

ஆனால் அதே மொழி வேறோரிடத்தில் கைவிட்டுவிடுகிறது. தொல்காப்பியத்தின் மரபியல் விலங்குகளின் பெயர்களை வகுக்கையில் இளமைப் பெயர்கள் என ஒன்பதைத் தருகிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. நாயின் இளமைக்குக் குருளை உண்டு. அடுத்து ஆண்பாற் பெயர்கள். அதற்கடுத்துப் பெண்பாற் பெயர்கள். முதுமைப் பெயர் என்று ஒரு வகை அங்கே இல்லை. நாய்க்கே ஞமலி, ஞாளி, எகினம், சுணங்கன் என்று பெயர்களை அடுக்கும் மரபில், மூத்த நாய்க்குத் தனிச்சொல் ஒன்று வழங்கவில்லை. இன்றைய பேச்சில் ‘கிழட்டு நாய்’ என்பது விலங்கைக் குறிப்பதைவிட மனிதரை ஏசவே மிகுதியும் பயன்படுகிறது. உழைத்து ஓய்ந்த மாட்டுக்கு நாம் வைத்த பெயர் அடிமாடு. அதன் முதுமையை அல்ல, அடுத்து நேரவிருப்பதையே அச்சொல் சுட்டுகிறது. பதின்மூன்று வயது நாய் இன்னமும் ‘பப்பி’யாகவே இருப்பதன் காரணம் அந்த வீட்டாரின் செல்லம் மட்டுமன்று. அழைக்க வேறு சொல்லும் இல்லை.

கல்லிலும் இதே கதைதான். பூங்காவை ஒட்டி, அதே கஸ்தூர்பா சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் ஆதகூர்க் கல்வெட்டு இருக்கிறது. மண்டியா மாவட்டத்தில் கிடைத்த இக்கன்னடக் கல்வெட்டு 949–950ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்ததைச் சொல்வதால் தமிழக வரலாற்று மாணவர்கள் அதை நன்கறிவர். அதன் மற்றொரு செய்தியே இங்கு வேண்டுவது. அப்போரில் வீரம் காட்டிய மணலரன் என்பவன், வேண்டியதைக் கேள் என்று சொல்லப்பட்டபோது, பொன்னையோ ஊரையோ கேளாமல் காளி என்னும் வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். அந்நாய் ஒரு காட்டுப்பன்றியோடு பொருதது, இரண்டும் மாண்டன. மணலரன் அதற்குக் கல் நட்டான். கல்லுக்கு வழிபாடு நடக்க நிலமும் விடப்பட்டது. நாயும் பன்றியும் மோதும் காட்சியைக் கல்லின் மேற்பகுதியில் காணலாம். இதற்கும் முற்பட்டது திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்: 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். ஆநிரைக்காகப் போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தியோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயும் அங்கே பெயரோடு பொறிக்கப்பட்டிருக்கிறது.

காளிக்கும் கோவிவனுக்கும் கல் கிடைத்தது, பாய்ந்து பொருததால். சண்டையில் பிழைத்து, பல் உதிர்ந்து, திண்ணையோரம் வெயில் காய்ந்து இறந்த நாய்களும் அதே ஊர்களில் இருந்திருக்கும். அவற்றுக்குக் கல் இல்லை. இது மரபின் குற்றமென்று சொல்வதற்கில்லை. நடுகல் என்பதே போர்ச்சாவுக்கு உரியது. ஆனால் இன்றைய நகரமும் நாயை அந்த ஒற்றை அளவுகோலால்தான் பார்க்கிறது. 2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் 11ஆம் தேதி ஓர் ஆணையையும் 22ஆம் தேதி அதைத் திருத்தி மற்றோர் ஆணையையும் பிறப்பித்த நாள் முதல், நாடெங்கும் நாய் பற்றிய பேச்சு பல்லைப் பற்றிய பேச்சாகவே இருக்கிறது. கடிக்குமா, கடிக்காதா? காக்குமா, காக்காதா? இரண்டும் செய்ய வலுவற்ற நாயைப் பற்றிப் பேச எந்த அணிக்கும் நேரமில்லை.

இனி அந்தப் பிடிவாதம். முதலில் ஒரு எச்சரிக்கை: நிற்கும் முதிய நாயையெல்லாம் கவித்துவமாக்கிவிடக் கூடாது. பெரும்பாலும் அது மூட்டுவலி. இடுப்பும் முழங்காலும் தேய்ந்த நாய் முரண்டு பிடிப்பதுபோல் தோன்றும். உண்மையில் அடுத்த அடி வலிக்குமென்று அதற்குத் தெரியும். எனவே கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முதல் வேலை. பப்பிக்கும் பின்னங்கால் மூட்டில் தேய்மானம் உண்டு, மாத்திரையும் உண்டு. மருத்துவர் நடையை நிறுத்தச் சொல்லவில்லை. குறைந்த தூரம், நிறைய நேரம் என்றுதான் சொல்லியிருக்கிறார். சங்கத்தின் அறிவிப்போ நேர் எதிர்மாறானது.

மூளை மங்கிவிட்டது என்பது அடுத்த ஊகம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், 11–12 வயது நாய்களுள் 28 விழுக்காட்டிலும் 15–16 வயது நாய்களுள் 68 விழுக்காட்டிலும் அறிவுத்திறன் குறைவுக்கான அறிகுறி ஏதேனும் ஒன்று காணப்பட்டது. இவ்வெண்களை எல்லோரும் அச்சத்தோடு மேற்கோள் காட்டுகிறார்கள். மறுபக்கமாகவும் படிக்கலாம்: பதினொன்றைத் தொட்ட நாய்களுள் நூற்றுக்கு எழுபத்திரண்டு தெளிவாகவே இருந்தன. அவை நின்றால் நிற்பதற்குக் காரணம் வைத்திருந்தன என்றுதான் கொள்ள வேண்டும். வயதைப் பொறுத்தவரை, ஏழால் பெருக்கும் பழைய கணக்கும் செல்லாது. 2020இல் லாப்ரடார் நாய்களின் டி.என்.ஏ.யை வைத்துச் செய்த ஆய்வொன்று தந்த வாய்ப்பாட்டின்படி, பதின்மூன்று வயது நாய் மனிதக் கணக்கில் ஏறத்தாழ எழுபத்திரண்டு. பப்பி லாப்ரடார் அன்று, கலப்பு, எனவே தோராயந்தான். இருப்பினும் கயிற்றின் இரு முனைகளிலும் ஒரே வயதுக்காரர்கள் என்பது பெரியவருக்குப் பிடித்திருக்கிறது.

அப்படியானால் நின்று என்ன செய்கிறது? முகர்கிறது. 2019இல் ஷார்லட் டுரான்டன், அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் ஆகிய இருவரும் நாய்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவு இரு வாரங்கள் மோப்பம் பிடித்துத் தேடும் பயிற்சி செய்தது. மற்றொன்று வளர்ப்பவரின் காலையொட்டி ஒழுங்காக நடக்கும் பயிற்சி செய்தது. பின்னர், உணவு இருக்குமோ இராதோ என்று ஐயத்துக்கிடமான கிண்ணத்தை வைத்தபோது, மோப்பப் பிரிவு நாய்கள் முன்னைவிட விரைவாக அதை நாடின. நடைப் பிரிவில் அம்மாற்றம் இல்லை. மோப்பம் நாயை நம்பிக்கையுள்ளதாக்குகிறது என்பது அவர்களின் முடிவு. கண் மங்கி, காது மந்தமாகிய முதிய நாய்க்கு உலகம் மிச்சம் வைத்திருக்கும் பெரிய வாசல் மூக்குதான். மழைக்குப் பிந்தைய பூங்கா மண் அதற்கு அன்றைய நாளிதழ். அதைப் படித்துக்கொண்டிருக்கையில் கயிற்றைச் சுண்டி இழுத்தால் எதிர்ப்பு வராமல் எப்படி இருக்கும்?

பிடிவாதம் என்ற சொல்லையே சற்று நின்று பார்க்கலாம். பிடித்துக்கொண்ட வாதம். விடாமல் வைத்திருக்கும் தரப்பு. அடம், முரண்டு, சண்டித்தனம் என்ற சொற்களிலெல்லாம் எதிர்ப்பு மட்டுமே இருக்கிறது. பிடிவாதத்திலோ ஒரு வாதம் உள்ளே இருக்கிறது. அந்த நாய்க்கு உணவு நேரம் பிறர் குறித்தது. உறங்குமிடம் பிறர் குறித்தது. கடலை விட்டு வந்ததும் பிறர் முடிவு. நாளொன்றில் அது தானாகத் தீர்மானிக்கக்கூடியது எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்ற ஒன்றுதான். மகன் வீட்டுக்கு வந்த பெரியவரின் நிலையும் பெரிதும் வேறன்று என்பதை அவர் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்.

நடையை எண்ணாக மாற்றிக்கொண்ட காலம் இது. நாளுக்குப் பத்தாயிரம் அடி என்ற புனித எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆராய்ச்சியிலிருந்து வந்ததன்று. பூங்காவில் ஓடுவோர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஆய்வேட்டின் பக்கங்களை எண்ணிக்கொண்டிருப்போர் அவர்களைப் பார்த்துச் சிரிக்க உரிமையற்றவர்கள். அந்த எண்களுக்கு நடுவே, எழுபது அடி நடந்து இருபது நிமிடம் நிற்கும் ஒன்றுக்கு இடம் கேட்டால் விந்தையாகத்தான் தோன்றும்.

ஆனால் கேட்க வேண்டியது பெரிதொன்றுமில்லை. இந்திய விலங்குநல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்களைத் தடை செய்யவோ லிஃப்டை மறுக்கவோ கூடாது என்கிறது. சட்டத்தைக் காட்டி மிரட்டினால் சங்கம் பணியக்கூடும். ஆனால் அண்டை வீடுகளில் முகங்கள் திரும்பிக்கொள்ளும். அதைவிட, அறிவிப்பில் ஒரு வரி சேர்க்கலாம்: பத்து வயதைக் கடந்த, கயிற்றில் வரும் நாய்களுக்கு நேர வரம்பு இல்லை. அஞ்சும் குழந்தைகளை அஞ்ச வைப்பது மூலையில் நின்று மண்ணை முகரும் இந்நாய் அன்று. பாய்ந்து வரும் இளநாய்தான். நேரக் கட்டுப்பாடோ பாய்ந்து வருவதை ஒன்றும் செய்யாமல், நிற்பதைத்தான் தண்டிக்கிறது.

சங்கத்தின் கூட்டம் அடுத்த ஞாயிறு. பெரியவர் போவாரா என்பது ஐயமே. மகனுக்குச் சங்கடம் வேண்டாம் என்கிறார். மழை மீண்டும் தூறத் தொடங்குகிறது. மணி ஏழேகால். அடுக்ககத்தின் வாயிலில் காவலாளி நோட்டைத் திறந்து வைத்திருக்கிறார். “என்ன சார், இன்னிக்கும் லேட்டா?”

“நான் ரெடியாதான் இருந்தேன்பா. இவர் வரணுமே.”

காவலாளி நாயைப் பார்க்கிறார். நோட்டில் ஆறு ஐம்பத்தைந்து என்று எழுதுகிறார். சரக்கு லிஃப்ட் வரக் காத்திருக்கையில் பப்பி வாயிற்படியின் ஈரத்தில் மீண்டும் மூக்கை வைக்கிறது.